பூனைக்குச் சோறு வைத்த வீராசாமி

சேக்காட்டு வீராசாமி என்றால் ஊரில் யாரும் முதலில் பூனையைத்தான் சொல்வார்கள். காலையில் கழனிக்குப் போகுமுன் பூனைக்குச் சோறு, பொழுது சாய்ந்து திரும்பியதும் பூனைக்குச் சோறு. வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாளில்கூடத் தன் கலத்திலிருந்து ஒரு கவளத்தை எடுத்து நெல் கொட்டகை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை வாயில் போடுவார். ஆவடிப் பக்கத்தில் சினைப்பட்ட பூனை எல்லாம் அவர் கொல்லையைத் தேடி வந்து குட்டி போட்டதில் ஆச்சரியமில்லை. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் ஜீவகாருண்யம் உள்ள மனுஷன் என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

ஜீவகாருண்யமாவது மண்ணாங்கட்டியாவது. சோற்றை வைத்துவிட்டுப் பூனையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவார். அந்தச் சோறு அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டனை. தண்டனையைத் தாம் மட்டும் அனுபவித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டிய பெண்சாதி நாகம்மாளையும் அல்லவா கூடச் சேர்த்து அனுபவிக்க வைத்தார். அந்த மனுஷனை நல்லவர் என்று சொல்லாமல் இருக்க முடியாது. அதே சமயம் அவரை நினைத்தால் ஆத்திரம் வராமலும் இருக்காது.

நாகம்மாள் அவருக்குச் சொந்த அத்தை மகள். சின்ன வயதிலேயே இன்னாருக்கு இன்னார் என்று பேசி முடித்தது. கல்யாணம் ஆகி வருஷம் மேல் வருஷம் போயும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. திருவேற்காட்டு அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீராசாமிக்கு இரண்டாம் தாரம் பார்க்கலாம் என்று உறவுக்காரர் ஒருவர் வந்து பேச்செடுத்தபோது, வீராசாமி அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். "நாகுக்குப் பொறந்தா பொறக்கட்டும், இல்லாட்டி எங்க ரெண்டு பேருக்கும் நாங்களே புள்ள" என்றார். அப்படிச் சொன்ன வாய்தான் பின்னால் வேறு மாதிரிப் பேசியது.

கடைசியில் நாகம்மாள் முழுகாமல் இருந்தாள். ஏரி நிரம்பிக் கழனியெல்லாம் நடவு முடிந்திருந்த சமயம். மசக்கை என்றால் மற்றப் பெண்களுக்கு மாங்காய், புளியங்காய், பழைய ஊறுகாய் என்று நாக்கு அலையும். நாகம்மாளுக்கு வந்தது மண் ஆசை. புது மழை பட்ட மண்வாசனை மூக்கில் ஏறினால் அவளுக்கு நிற்க முடியாது, உட்கார முடியாது. சுவரில் பெயர்ந்த காரையைக்கூடக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். இது ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயமில்லை. பிள்ளைத்தாய்ச்சி மண் தின்பது தமிழ்நாட்டில் என்றைக்கும் உள்ளதுதான். பக்கத்து வீட்டு முத்தம்மாள் அந்த ஊருக்கே பிரசவம் பார்த்த மருத்துவச்சி. அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "மண்ணு துன்னா புள்ளைக்கு சோகை புடிக்கும். வாய கட்டு."

வாயைக் கட்ட முடியவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை என்று அவள் முகம் வாடியதைப் பார்த்து வீராசாமிக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த ஆசை, ஒரு பிடி மண்ணுதானே என்று தோன்றியது. கொட்டகைக்குப் பின்னால், தரை மெழுகிப் பூசுவதற்காகச் சலித்துக் குவித்த செம்மண் கிடந்தது. மாவு போல இருக்கும். முத்தம்மாள் கண்ணில் படாமல் அதிலிருந்து தினமும் கொஞ்சம் துண்டில் முடிந்துகொண்டு வந்து கொடுத்தார். அந்தக் குவியல் பூனைகளுக்கும் பிடித்த இடம். மெத்தென்ற மண்ணைப் பறித்துத் தம் காரியத்தை முடித்து மூடிவிட்டுப் போகும். வீராசாமிக்கும் அது தெரியும். அதனால்தான் மேல்மண்ணைக் கையால் தள்ளிவிட்டு அடிமண்ணாகப் பார்த்து எடுத்தார். அடிமண் சுத்தம் என்பது அவர் நினைப்பு. அவள் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு தின்பதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சில வாரம் கழித்து நாகம்மாளுக்கு உடம்பு லேசாகக் காய்ந்தது. கழுத்தில் நெறி கட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் அசதி. முத்தம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டாள். பனிக்காலம், ஊரில் பாதிப் பேருக்குச் சளியும் காய்ச்சலுமாக இருந்தது. இவளுக்கும் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அதற்கப்புறம் அந்தக் காய்ச்சலை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது வேறொன்றை. பெண்சாதி முழுகாமல் இருக்கும்போது புருஷன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது, பாடை தூக்கக்கூடாது, கூரை மேயக்கூடாது என்று ஒரு கட்டு உண்டு. வீராசாமி அதையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் காத்தார். வரப்பில் பாம்பு குறுக்கே வந்தபோதுகூட மண்வெட்டியை ஓங்காமல் ஒதுங்கி நின்று வழி விட்டார். ஆனால் ஒரு கடுவன் பூனை அவர் பொறுமையைச் சோதித்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சாறு வைத்துக் கொடுக்கலாம் என்று நாகம்மாள் ஆசையாகக் கோழி அடைவைத்துக் குஞ்சு பொரித்திருந்தாள். அந்தக் கடுவன் ஒன்றொன்றாகக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் தாய்க்கோழியையே கவ்விக்கொண்டு வேலிப்பக்கம் பாய்ந்தது. வீராசாமி கையில் இருந்த தடியை வீசினார். மிரட்டத்தான் வீசினார். அது போய்ப் பூனையின் முகத்தில், சரியாகக் கண்ணுக்கு மேல் விழுந்தது.

"அடிக்காதே மாமா" என்று வாசற்படியில் நின்ற நாகம்மாள் சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூனை முள்வேலிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் படுத்தது. மறுநாள் அங்கேயே செத்துக் கிடந்தது. பூனையைக் கொன்ற பாவம் பொன்னால் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்பார்கள். வீராசாமி பொன்னுக்கு எங்கே போவார். குழி வெட்டிப் புதைத்து, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்து, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நாகம்மாளிடம் கேட்டுக்கொண்டார்.

பிறந்தது பெண். மூக்கும் முழியுமாக அவ்வளவு லட்சணம். வடிவு என்று பேர் வைத்தார்கள். தூளியில் போட்டு ஆட்டுகிற பருவம் போய், முகம் பார்த்துச் சிரிக்கவேண்டிய பருவம் வந்தும் அந்தக் குழந்தையின் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. அலைந்துகொண்டே இருந்தது. முத்தம்மாள் விளக்கைக் கொண்டுவந்து நேரே காட்டினாள், குழந்தை அசையவில்லை. பக்கவாட்டில் காட்டினாள், மெதுவாகத் தலையைத் திருப்பியது. நாகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஊர் தனக்குத் தெரிந்த காரணத்தையெல்லாம் சொன்னது. கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்றது, காத்து கருப்பு என்றது. வீராசாமி முள்வேலிப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனார்கள். கண் பார்க்கிற டாக்டர் ஒருவர் குழந்தையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாகம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீராசாமியிடம் கெட்ட பெண்களோடு சகவாசம் உண்டா என்று கேட்டார். அப்பேர்ப்பட்ட சீக்கினால் இப்படி வரும் என்பது அன்றைக்கு டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். வீராசாமி கூனிக் குறுகிப்போய் இல்லை என்றார். அவர் முகத்தைப் பார்த்து டாக்டரும் நம்பிவிட்டார்.

"அப்படின்னா எனக்குக் காரணம் தெரியலேப்பா" என்றார். "கண்ணுக்கு உள்ளே, பின்பக்கம், நடு மத்தியிலே தழும்பு இருக்கு. வயித்துல இருக்கும்போதே பட்ட தழும்பு. நேரே பார்த்தா தெரியாது, ஓரத்துல தெரியும். மருந்து கிடையாது. ஆனா பொழைச்சுக்கும்."

ஓரத்தில் பார்வை இருக்கிறது என்பதைக் கேட்டு நாகம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரயிலில் வழியெல்லாம் குழந்தையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு சிரிப்புக் காட்டியபடியே வந்தாள். வீராசாமி காதில் விழுந்தது தழும்பு மட்டும்தான். வயிற்றிலிருந்த பிள்ளைக்குக் கண்ணில் தழும்பு எப்படி வரும்? அவருக்குத் தெரியாதா எப்படி வந்தது என்று? பூனைக்கு எங்கே அடி பட்டதோ அங்கேதானே பிள்ளைக்கும் பட்டிருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று பக்கத்தில் இருந்து சொல்ல யாருமில்லை. ஆவடியில் இறங்கும்போது அவர் மனசில் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது.

அன்றிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு நெல் கொட்டகைக்குப் போய்விட்டார். பிறந்தது பெண், அதிலும் கண் சரியில்லை, அந்தக் கோபம்தான் என்று நாகம்மாள் முதலில் நினைத்தாள். ஆனால் வடிவை அவர் தோளைவிட்டு இறக்குவதில்லை. பிறகு ஒருநாள் களத்தில் வைத்து நேருக்கு நேர் கேட்டாள். அவர் சொன்னார்.

"இன்னொண்ணு பொறந்தா அதுக்கும் இதே கதிதான் நாகு. என் பாவத்த இன்னொரு உசுரு மேல ஏத்தமாட்டேன்."

"பூனைய அடிச்சது நீ மாமா. நான் இன்னா பண்ணேன்?"

அந்தக் கேள்வியை அவர் காதில் வாங்காத மாதிரி விட்டுவிட்டு, பூனைக்குச் சோறு வைக்க ஆரம்பித்தார்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். அன்றைக்குச் சேக்காட்டில் மட்டுமல்ல, பட்டணத்திலும் எந்த டாக்டருக்கும் தெரியாதது அது. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி உண்டு. எலியையும் குருவியையும் தின்னும் பூனையின் குடலில் அது பெருகும். பூனை கழித்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த மண் பட்ட கை, கழுவாத கீரை, அரைவேக்காட்டு இறைச்சி என்று எந்த வழியிலும் மனுஷன் வயிற்றுக்குள் போகும். உலகத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குபேர் உடம்பில் அது குடியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில நாடுகளில் பாதிக்கு மேல். முக்கால்வாசிப் பேருக்கு வந்ததே தெரியாது. மிஞ்சிப்போனால் லேசாகக் காய்ந்து கழுத்தில் நெறி கட்டும், பிறகு ஆயுள் முழுக்க வாயைத் திறக்காமல் உள்ளேயே கிடக்கும். வீராசாமிக்கும் இருந்திருக்கும், முத்தம்மாளுக்கும் இருந்திருக்கும், அந்தப் பட்டணத்து டாக்டருக்கே இருந்திருக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போது ஒருத்திக்கு அது முதல்தடவையாக வந்தால் மட்டும்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. கண்ணைத் தொடும், மூளையைத் தொடும், சில சமயம் பிள்ளையே தங்காது. ஒருதரம் வந்து போய்விட்டால் உடம்பு அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிற பிள்ளைகளை அநேகமாக அண்டவிடாது.

வடிவின் கண்ணைத் தொட்டது அதுதான் என்று அடித்துச் சொல்ல இன்று சாட்சி கிடையாது. ஆனால் அந்த மண்ணையும் அந்த நெறியையும் அந்தத் தழும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு எதுவும் இவ்வளவு பொருந்தி வரவில்லை. அதுதான் என்றால், நாகம்மாள் அதற்கப்புறம் பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகள் நல்லபடியாகவே பிறந்திருக்கும். ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த மண்ணை அந்த மனுஷன் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தாலும் மண் கொடுத்தது குற்றம் ஆகாது. ஊரில் எத்தனையோ பேர் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஒன்றுக்குத் தனியொரு ஆளா பொறுப்பு?

தெரியாதவர்களிலும் ஒருவர் இதை மோப்பம் பிடித்தார். பூவிருந்தவல்லி அன்வர் பாஷா. ஆட்டு வியாபாரி. கிராமம் கிராமமாகப் போய்க் கிடா பிடிப்பவர். வருஷா வருஷம் வீராசாமியின் வேலியோர ஆடுகளைப் பார்க்க வருவார். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். நாகம்மாள்தான் ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதாள். சொந்த ஜனத்திடம் சொல்ல வெட்கம். அவர் ஆட்டைக்கூடப் பார்க்காமல் நேரே களத்துக்கு வந்தார்.

"அண்ணாத்தே, என் ஊட்டு சங்கதி உனக்குத் தெரியாது" என்றார். "எம் பொண்டாட்டி மஹ்பூபாக்கு மொதல் புள்ள தல பெருசா பொறந்து, அன்னிக்கே பூட்ச்சி. யாரு செஞ்ச சூனியமோன்னு எங்கம்மா ஒரு வருசம் அழுதாங்க. நானும் பயந்தேன். அப்பால நாலு பொறந்துச்சி. நாலும் நல்லா கீது. ஒண்ணு பாரு, என் தோள் உசரம் வந்துட்டான்."

"நீ பூனைய அடிக்கல பாய்" என்றார் வீராசாமி.

"சரி, அதையும் கேளு. ஆட்டுக்காக நான் சுத்தாத ஊரு கெடையாது. காட்டுப்பாக்கத்துல உன் பொண்ணு மாதிரியே கோணிக்கினு பாக்கற புள்ள ஒண்ணு கீது. சென்னீர்குப்பத்துல ஒண்ணு. ரெண்டு ஊட்லயும் அடுத்த புள்ளைங்க கண்ணு முத்து மாதிரி. எல்லாருமா பூனைய அடிச்சாங்க? எங்கியும் இருக்கற சங்கதி இது. உனக்குன்னு எழுதி வந்தது இல்ல."

வீராசாமி களத்தில் சிதறிய நெல்லைக் கையால் கூட்டிக் குவித்தார். பாஷாவின் பேச்சு உள்ளே இறங்கியது நிஜம். இறங்கியது, இறங்கின இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில், "அவங்கல்லாம் இன்னா பண்ணாங்களோ, யாருக்குத் தெரியும். நான் பண்ணது எனக்குத் தெரியும் பாய்" என்றார். அன்வர் பாஷா தலையில் அடித்துக்கொண்டு போனார். போகும்போது நாகம்மாளிடம், "தங்கச்சி, கல்லுல கூட ஆணி எறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகம்மாள் லேசில் விடுகிறவள் இல்லை. அம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து, தோஷம் கழித்தாயிற்று என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தாள். "பூசாரி சொன்னா ஆச்சா, அந்தப் பூனை இல்ல சொல்லணும்" என்றார் வீராசாமி. ஒரு பொங்கலுக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, கூச்சத்தை விட்டுக் கொட்டகை வாசலில் போய் நின்றாள். அவர் எழுந்து அந்தப் பக்கமாகக் கழனிக்குப் போய்விட்டார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. வரப்பில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தாம் ஏதோ பெரிய தியாகம் செய்வதாகவே நினைத்தார். பிறக்காத ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார். எதிரே உயிரோடு நின்றவள் அவர் கணக்கில் வரவே இல்லை.

இப்படியே போயிற்று. நாகம்மாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டாள், யார் வீட்டுத் தூளியையோ ஆட்டினாள். முத்தம்மாள் தளர்ந்தபின் அவளோடு கூடப்போய்ப் பிரசவங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். எப்போதோ ஒரு வருஷம் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அது எந்த வருஷம் என்று வீராசாமிக்குத் தெரியாது. அவள் சமாதானம் ஆகிவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

வடிவு கெட்டிக்காரியாக வளர்ந்தாள். கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தே நெல் குத்துவாள், நாற்றுப் பிடுங்குவாள், தண்ணீர் சேந்துவாள். எந்த வேலையிலும் யாருக்கும் பின்னிட்டவள் இல்லை. ஆனாலும் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் யுத்தம் வந்து, ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை கொட்டகையாகப் போட்டார்கள். கூலி வேலைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவன் உலகநாதன். அப்பன் ஆயி இல்லாதவன், அரக்கோணம் பக்கம். வடிவு தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் சறுக்காமல் நடந்துபோவதைப் பல நாள் பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து பெண் கேட்டான்.

வீராசாமி முடியாது என்றார். பையனில் குறை இல்லை. பாவம் வடிவோடு நிற்கவேண்டும், அவள் வயிற்றுக்குப் போகக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம். அதை அவர் சொல்லி முடித்ததும் உள்ளேயிருந்து நாகம்மாள் வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மூன்றாம் மனுஷர் எதிரில் அவள் புருஷனை எதிர்த்துப் பேசினது அன்றுதான்.

"உன் பாவத்த கழிக்கறதுக்கு எம் புள்ளங்கள எடுத்துக்கினே மாமா. எடுத்துக்கினு போ. இந்த ஒண்ணையாவது உடு."

உலகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. வீராசாமிக்கும் முழுசாகப் புரிந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் அவள் குரலில் இருந்தது அவரை உட்காரவைத்துவிட்டது. கல்யாணம் நடந்தது.

வடிவு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தபோது யுத்தம் முடிந்திருந்தது. முதல் மாசத்திலிருந்தே வீராசாமிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பூனைகளுக்கு மீன் வாங்கிப் போட்டார். ஆண்பிள்ளை பிறந்தது. அவர் பக்கத்தில் போகவே இல்லை. குழந்தை முகம் பார்க்கிற பருவம் வரைக்கும் கதவோரம் நின்றே அதன் அழுகுரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் வடிவு கூடத்தில் குழந்தையைப் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வீராசாமி மெல்ல உள்ளே வந்து, துலக்கின பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

குழந்தை பார்த்தது. நேராகப் பார்த்தது. சொம்பை வலப்பக்கம் கொண்டுபோனார், கண் கூடவே போயிற்று. இடப்பக்கம் கொண்டுபோனார், அங்கேயும் வந்தது. மறுபடி மறுபடி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா பண்றே நைனா?" என்றாள் வடிவு, தலையைச் சாய்த்து.

"பாக்கறான்டி. நேரா பாக்கறான்."

"அது தெரியும் நைனா. பொறந்த மாசத்துலயே தெரியும். அம்மா உன்கிட்ட சொல்லலியா?"

அவர் கொல்லைக்கு ஓடினார். நாகம்மாள் அடுப்பில் பிள்ளைபெற்றவளுக்கு மருந்து கிண்டிக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரை. வீராசாமி அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். அவர் முகத்தில் அப்படிப்பட்ட சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. பாவம் தீர்ந்துவிட்டது என்றார். பூனை மன்னித்துவிட்டது என்றார். பாய் சொன்னதுதான் சரியோ என்னவோ, தொடக்கத்திலிருந்தே ஒன்றும் இல்லையோ என்னவோ என்றும் சொன்னார். உடனே அதைத் தள்ளிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார்.

"பேரு வைக்கணுமே நாகு. உலகநாதன் நம்மளயே வைக்கச் சொல்றான். ஆனந்தன்னு வைக்கலாமா? ஊடே இன்னிக்கு ஆனந்தமா கீது."

நாகம்மாள் கிண்டுவதை நிறுத்தினாள்.

"இன்னா பேரு வேணா வையி. அந்தப் பேரு மட்டும் வாணாம்."

"ஏன், நல்ல பேருதானே?"

"அது எம் புள்ள பேரு மாமா" என்றாள் நாகம்மாள். "வடிவுக்கு அடுத்தவன். பொறப்பான்னு அவனுக்கு வச்சிருந்தேன். அவனுக்கு அப்பால ஒரு பொண்ணு, அன்னம்மா. உன் கொட்டாய் வாசல்ல வந்து நின்னேனே, அன்னிக்கு இதத்தான் சொல்ல வந்தேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் வீராசாமிக்குத் தாங்கியிருக்கும். பாவம் செய்தேன் என்று அவர் வாழ்நாள் முழுக்க அழுதது உண்மைதான். ஆனால் எதற்காக அழுதிருக்கவேண்டும் என்பது அவருக்கு அந்த அடுப்பங்கரையில்தான் தெரிந்தது. அவள் கையைப் பிடிக்கப் போனார். நாகம்மாள் மருந்து அடிபிடித்துவிடும் என்று சட்டியை இறக்கிக்கொண்டு, வடிவுக்குக் கொடுக்க உள்ளே போய்விட்டாள்.